போர் மூண்டது, நகர் பரவியது: பொறுப்புக்கூறலின் வரலாற்றில் வினைவடிவங்கள்

1. முன்னுரை

'போர் மூண்டது' என்றும் 'நகரம் பரவியது' என்றும் எழுதுவது வரலாற்று நூல்களில் வேரூன்றிவிட்ட வழக்கு. இவ்விரு தொடர்களிலும் எழுவாய் உண்டு, பயனிலையும் உண்டு. செயலைச் செய்த வினைமுதல் மட்டும் இல்லை. தீ மூள்வதுபோலப் போர் மூள்கிறது. நீர் பரவுவதுபோல நகர் பரவுகிறது. மூட்டியவர் யார், பரப்பியவர் யார் என்னும் வினாக்கள் அத்தொடர்களில் எழுவதற்கே இடமில்லை.

தமிழ் இலக்கண மரபு தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டால் இவ்வேறுபாட்டை விளக்கிவந்துள்ளது. அறிஞர் கு. பரமசிவம் இதனை இயங்குவினை, இயக்குவினை என மேலும் நுட்பமாக வகைப்படுத்தினார். 'மூள்', 'பரவு', 'அழி(ந்தது)' என்பன இயங்குவினைகள். 'மூட்டு', 'பரப்பு', 'அழி(த்தது)' என்பன அவற்றிற்கு இணையான இயக்குவினைகள். இவ்விரண்டிற்கும் இடையில் செயப்பாட்டுவினை நிற்கிறது. 'போர் மூட்டப்பட்டது' என்னும் தொடரில் வினைமுதல் வெளிப்படவில்லை, எனினும் 'யாரால்?' என்று கேட்பதற்கு உரிய இடம் அதில் காலியாக உள்ளது. 'போர் மூண்டது' என்பதில் அவ்விடமே இல்லை. ஆகவே 'மூட்டினர்', 'மூட்டப்பட்டது', 'மூண்டது' என்னும் மூன்றும் பொறுப்பு படிப்படியாக மறையும் மூன்று நிலைகள் எனலாம்.

இக்கட்டுரை இம்மூன்று நிலைகளை அளவுகோலாகக் கொண்டு, போருக்கான அரசியல் பொறுப்பையும் நகர்ப்பரவலின் சூழல் இழப்பிற்கான பொறுப்பையும் ஒருங்கே நோக்குகிறது. இதற்குரிய களமாக இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலான அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு கொள்ளப்படுகிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு. போர் தொடுப்போரும் சூழலை மாற்றுவோரும் தம் செயலுக்கு எழுத்தில் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் இரண்டு சட்டங்கள் அந்நாட்டில் நான்கே ஆண்டு இடைவெளிக்குள் தோன்றின. அவற்றுள் சூழல் பற்றிய சட்டம் பிற நாடுகளுக்கு, இந்தியாவிற்கும், முன்மாதிரியாக அமைந்தது.

2. கணக்கும் பொறுப்பும்

ஆங்கிலத்தில் இக்கருத்தைக் குறிக்கும் சொல் 'கணக்கு' என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. தமிழில் அதற்கு ஈடாக வழங்கும் சொற்களோ பெரும்பாலும் 'பொறு' என்னும் வேரிலிருந்து பிறந்தவை. தமிழகத்தில் 'பொறுப்புடைமை', 'பொறுப்பேற்பு' என்னும் ஆக்கங்கள் மிகுதி. இலங்கைத் தமிழில் 'பொறுப்புக்கூறல்' நிலைபெற்றுள்ளது. ஐக்கிய நாடுகள் சபைப் பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011ஆம் ஆண்டில் அளித்த அறிக்கைக்குப்பின் அச்சொல்லின் ஆட்சி மேலும் பெருகியது.

பொறுத்தல் என்பது சுமத்தல். ஒருவர் சுமையை ஏற்கலாம். ஏற்றதும் பேச்சு முடிந்துவிடலாம். கணக்குக் காட்டுதல் அத்தகையது அன்று. அதற்கு ஒரு செயல், அச்செயலின் விவரம், அவ்விவரத்தைக் கேட்கும் உரிமையுடைய வேறொருவர் ஆகிய மூன்றும் வேண்டும். இப்பொருள் தமிழுக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதிருந்தோரையும் அவர்தம் உறவினர் சிலரையும் மீண்டும் வாரியத்திற்குக் குடவோலை இடத் தகுதியற்றோர் எனக் கூறுகின்றன. அவ்வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. நீர்நிலையின் பொறுப்பை ஏற்றவர், அதன் கணக்கையும் ஊர்முன் காட்டியாக வேண்டும் என்பது அக்கால விதி. 'பொறுப்புக்கூறல்' என்னும் இன்றைய சொல்லில் 'கூறல்' என்னும் உறுப்பு இருப்பதால், கேட்போர் ஒருவர் உண்டு என்னும் குறிப்பு அதில் எஞ்சி நிற்கிறது. ஆதலின் இக்கட்டுரையில் அச்சொல்லே ஆளப்படுகிறது.

3. போரும் அதன் பெயர்களும்

அமெரிக்க அரசியலமைப்பு, போரை அறிவிக்கும் அதிகாரத்தை அந்நாட்டு நாடாளுமன்றமாகிய காங்கிரசுக்கு வழங்குகிறது. ஆயினும் காங்கிரசு முறைப்படி போர் அறிவித்தது 1942ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதன்பின் நிகழ்ந்த போர்கள் வேறு பெயர்களில் நடந்தன. 1950ஆம் ஆண்டு சூனில் கொரியாவில் அமெரிக்கப் படைகள் போரில் இறங்கியபோது, குடியரசுத் தலைவர் ட்ரூமன் செய்தியாளரிடம் 'நாம் போரில் இல்லை' என்றார். ஐக்கிய நாடுகளின் கீழ் நிகழும் காவல் நடவடிக்கை எனலாமா என ஒருவர் வினவ, அவர் அதற்கு உடன்பட்டார். ஒரு செய்தியாளரின் வினாவில் பிறந்த பெயர், மூன்றாண்டுப் போருக்கு உரிய பெயர்களுள் ஒன்றாயிற்று. போர் என்னும் சொல் விலகியபோது, போரை அறிவிக்க வேண்டியவர் யார் என்னும் வினாவும் உடன் விலகியது.

1964ஆம் ஆண்டு ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. ஆகஸ்டு 7ஆம் நாள் காங்கிரசு நிறைவேற்றிய தீர்மானம், வியட்நாமில் படைவலிமையைப் பயன்படுத்தக் குடியரசுத் தலைவர் ஜான்சனுக்கு வாய்ப்பளித்தது. பிரதிநிதிகள் அவையில் 416 பேர் ஆதரித்தனர், எதிர்த்தோர் ஒருவருமில்லை. செனட் அவையில் 88 பேர் ஆதரிக்க, வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் க்ருனிங் ஆகிய இருவர் மட்டும் எதிர்த்தனர். ஆகஸ்டு 4ஆம் நாள் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட இரண்டாம் தாக்குதல் நிகழவே இல்லை என்பதை, 2005ஆம் ஆண்டில் வெளியான தேசியப் பாதுகாப்பு முகமையின் உள்ளாய்வு உறுதிப்படுத்தியது. இவ்வளவு தெளிவான வாக்குப் பதிவு இருந்தும், 'வியட்நாம் போர் மூண்டது' என்றே பல நூல்கள் எழுதுகின்றன. வாக்களித்தோர் பெயரும் எண்ணும் அவைக்குறிப்பில் உள்ளன, தொடரில்தான் இல்லை.

அப்போரின் பட்டறிவால் எழுந்ததே 1973ஆம் ஆண்டின் போர் அதிகாரத் தீர்மானம். குடியரசுத் தலைவர் நிக்சன் அதனை மறுதலித்தார். காங்கிரசு அம்மறுப்பைக் கடந்து நவம்பர் 7ஆம் நாள் அதனைச் சட்டமாக்கியது. படைகளைப் போர்ச்செயலில் ஈடுபடுத்தினால் 48 மணி நேரத்திற்குள் குடியரசுத் தலைவர் காங்கிரசுக்கு எழுத்தில் அறிக்கை அளிக்க வேண்டும். அதன்பின் 60 நாள்களுக்குள் காங்கிரசின் ஒப்புதல் கிடைக்காவிடில் படைகளை விலக்கிக்கொள்ள வேண்டும். விலக்குவதற்கு மேலும் 30 நாள் அளிக்கலாம். கணக்குக் காட்டுதலின் மூன்று உறுப்புகளும் இச்சட்டத்தில் உள்ளன. செயல் உண்டு, விவரம் உண்டு, கேட்போர் உண்டு.

அதன்பின் நிகழ்ந்தது மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய பாடம். குடியரசுத் தலைவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட அறிக்கைகளைக் காங்கிரசுக்கு அனுப்பியுள்ளனர். அவற்றில் 'இத்தீர்மானத்தின்படி' அறிக்கை அளிப்பதாக அவர்கள் எழுதுவதில்லை. 'இத்தீர்மானத்திற்கு இசைவாக' அளிப்பதாகவே எழுதுகின்றனர். '-இன்படி' என எழுதினால் சட்டம் தம்மைக் கட்டுப்படுத்துகிறது என ஒப்புக்கொண்டதாகும். 'இசைவாக' என எழுதினால், தாமே விரும்பிச் செய்தது சட்டத்தோடு பொருந்தியிருக்கிறது என்ற அளவில் நிற்கும். 60 நாள் காலக்கெடுவைத் தொடங்கிவைக்கும் உட்பிரிவைப் பெயர் குறிப்பிட்டு அனுப்பப்பட்ட அறிக்கை ஒன்றே. அது 1975இல் 'மயாகெஸ்' கப்பல் மீட்பைப் பற்றிக் குடியரசுத் தலைவர் ஃபோர்டு அளித்தது. அவ்வறிக்கை சேர்வதற்குள் அந்நடவடிக்கையே முடிந்திருந்தது. இவ்விரு தொடர்களையும் தமிழில் 'தீர்மானத்தின்படி' என ஒன்றாகவே பெயர்ப்பவர், அரை நூற்றாண்டு அரசியலமைப்பு வழக்கு ஒன்றைத் தம்மையறியாமல் ஒரு பக்கத்திற்கு முடித்துவைக்கிறார்.

'போர்ச்செயல்' என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. சட்டத்தை இயற்றியோர் 'ஆயுத மோதல்' என்பதைவிட விரிந்த பொருளுடையது எனக் கருதியே இச்சொல்லைத் தேர்ந்தனர். ஆனால் சட்டத்தில் அதற்கு வரையறை தரவில்லை. 2011ஆம் ஆண்டு மார்ச்சில் தொடங்கிய லிபிய வான்தாக்குதல்கள் 60 நாளைக் கடந்தபோது, ஒபாமா அரசின் சட்ட ஆலோசகர், அமெரிக்கப் படைகளின் பங்கு அளவிலும் இடரிலும் குறைந்தது ஆதலின் அது 'போர்ச்செயல்' ஆகாது என்று செனட் குழுமுன் வாதிட்டார். விரிவு கருதித் தேர்ந்த சொல், குறுக்கத்திற்குக் கருவியாயிற்று.

2001ஆம் ஆண்டு செப்டம்பரில் நிறைவேறிய படைவலிமைப் பயன்பாட்டு ஒப்புதல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. இரு அவைகளிலும் சேர்த்து அதனை எதிர்த்து வாக்களித்தவர் பார்பரா லீ ஒருவரே. செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டோர், அவர்க்குப் புகலிடம் தந்தோர் என்பாரையே அது குறித்தது. 'கூட்டாளிப் படைகள்' என்னும் தொடர் அதில் இல்லை. அத்தொடரைப் பின்வந்த அரசுகள் உரையாகச் சேர்த்து, பல நாடுகளில் நடவடிக்கைகளுக்கு அதனையே ஆதாரமாகக் காட்டின. மூலத்தில் இல்லாத சொல் உரையில் நுழைந்து மூலத்தைவிட வலுப்பெற்ற நிகழ்வு இது.

4. நகரைப் பரப்பியோர்

நகர்ப்பரவலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், கைகால்களை ஒழுங்கின்றிப் பரப்பிக் கிடத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. அச்சொல்லில் நகரம் ஓர் உயிர். தானே சோம்பிக் கிடக்கிறது. தமிழில் 'நகர்ப்பரவல்', 'நகர விரிவு', 'நகர விரிவாக்கம்' என்னும் மூன்று வழங்குகின்றன. முன்னிரண்டும் இயங்குவினையின் பெயர்கள். மூன்றாவதில் 'ஆக்கம்' இருப்பதால் ஆக்கியவர் உண்டு என்பது தெளிவு. அலுவலக ஏடுகளில் பெருமைக்குரிய திட்டங்களைக் குறிக்க 'விரிவாக்கம்' வருகிறது. வெள்ளம், குப்பை, நிலத்தடிநீர் வீழ்ச்சி ஆகியவற்றைப் பேசுமிடத்தில் 'பரவல்' வருகிறது. புகழுக்கு இயக்குவினையும் பழிக்கு இயங்குவினையும் வழங்குவது இங்கே கருதத்தக்கது.

அமெரிக்கப் புறநகர்கள் தாமே பரவியவை அல்ல. 1934இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிருவாகம் வீட்டுக்கடன்களுக்குப் பிணை நின்றது. அதன் விதிகள் நகரினுள் பழைய வீட்டைச் செப்பனிடுவதைவிட, புறத்தே புதிய தனிவீடு வாங்குவதை எளிதாக்கின. 1944ஆம் ஆண்டின் படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் போரிலிருந்து திரும்பியோர்க்கு அக்கடனை மேலும் எளிதாக்கியது. 1947இல் நியூயார்க்கை அடுத்த லாங் தீவின் உருளைக்கிழங்கு வயல்களில் லெவிட் நிறுவனம் தொடங்கிய குடியிருப்பு, 1951க்குள் 17,000க்கு மேற்பட்ட வீடுகளாயிற்று. வெள்ளையர் அல்லாதார்க்கு அவ்வீடுகள் மறுக்கப்பட்டன. எங்கே வீடு எழும், யார் அதில் குடியேறுவர் என்பன எழுத்தில் அமைந்த முடிவுகளாகவே இருந்தன.

போரும் நகர்ப்பரவலும் இவ்விடத்தில் நேரே சந்திக்கின்றன. அணுகுண்டு ஒரே வீச்சில் அடர்ந்த நகரை அழிக்கும் என்ற அச்சத்தால், தொழிலகங்களையும் மக்களையும் சிதறி அமைப்பதே தற்காப்பு என்னும் கருத்து 1940களின் இறுதியில் வலுப்பெற்றது. 1951இல் ட்ரூமன் அரசு தொழில்களைப் பரவலாக அமைக்கும் கொள்கையை அறிவித்தது. குடியரசுத் தலைவர் ஐசனோவர் நெடுஞ்சாலைத் திட்டத்தை வகுக்க 1954இல் அமைத்த குழுவிற்குத் தலைவர், படைத்தளபதியாக இருந்த லூசியஸ் க்ளே. 1956ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டம், 41,000 மைல் நெடுஞ்சாலைகளுக்கு 2,500 கோடி டாலர் ஒதுக்கியது. செலவில் 90 விழுக்காட்டைக் கூட்டாட்சி அரசு ஏற்றது. அச்சாலைத் தொகுதிக்கு அச்சட்டம் இட்ட பெயரிலேயே 'பாதுகாப்பு' என்னும் சொல் இடம்பெற்றது. வயல்களின்மேல் நகர் பரவிய பாதையைப் போரின் பெயரால் அரசே அமைத்தது.

சாலை நீண்டால் பயணம் நீளும். பயணம் நீண்டால் எண்ணெய்த் தேவை மிகும். அமெரிக்கா நுகரும் பெட்ரோலியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு போக்குவரத்திற்கே செல்கிறது. 1973-74ஆம் ஆண்டின் எண்ணெய்த் தடை இச்சார்பை வெளிப்படுத்தியது. 1980ஆம் ஆண்டு சனவரியில் குடியரசுத் தலைவர் கார்ட்டர், பாரசீக வளைகுடாவை வெளியார் கைப்பற்ற முயன்றால் அதனை அமெரிக்காவின் உயிர்நாடியான நலன்கள்மீதான தாக்குதலாகக் கொண்டு, படைவலிமை உட்பட எவ்வழியிலும் தடுப்போம் என அறிவித்தார். பிற்கால வளைகுடாப் போர்கள் ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. அவற்றை எண்ணெய் என்னும் ஒரே காரணத்திற்குள் அடக்குவது வரலாறாகாது. எனினும் அவ்வளைகுடா ஏன் உயிர்நாடியாயிற்று என்னும் வினாவிற்குரிய விடையின் ஒரு பகுதி, 1934 முதல் 1956 வரை நிறைவேறிய வீட்டுச் சட்டங்களிலும் சாலைச் சட்டங்களிலும் உள்ளது.

5. பரவலின் விலை

இதன் விலையை அரசு அறியாமலில்லை. கூட்டாட்சி அரசின் மூன்று அமைப்புகளுக்காக 1974இல் உருவான 'பரவலின் செலவுகள்' என்னும் ஆய்வு, சிதறிய குடியிருப்பையும் அடர்ந்து திட்டமிட்ட குடியிருப்பையும் ஒப்பிட்டது. நிலம், ஆற்றல், நீர் ஆகியவற்றின் பயன்பாட்டிலும் காற்று மாசிலும் முன்னதே மிகுந்த செலவுடையது என அது காட்டியது.

அதற்கு நான்காண்டு முன்பே, 1970ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், தேசியச் சூழல் கொள்கைச் சட்டத்தில் நிக்சன் கையொப்பமிட்டிருந்தார். சூழலைக் கணிசமாகப் பாதிக்கும் கூட்டாட்சிச் செயல் ஒவ்வொன்றிற்கும் 'பொறுப்புள்ள அலுவலர்' விரிவான அறிக்கை அளிக்க வேண்டும் என்பது அதன் விதி. வினைமுதலைச் சட்டமே பெயரிட்டு அழைக்கிறது. 1978ஆம் ஆண்டின் விதிமுறைகள், ஒரு செயலால் பின்னர் விளையக்கூடியனவும் முன்னறியத்தக்கனவுமாகிய மறைமுக விளைவுகளையும் கணக்கில் சேர்த்தன. ஒரு திட்டம் 'தூண்டும் வளர்ச்சி' அவற்றுள் ஒன்று. 'வளர்ச்சி' என்னும் இயங்குவினைப் பெயருக்கு முன்னால் 'தூண்டும்' என்னும் இயக்குவினையைச் சேர்த்ததே அவ்விதிமுறையின் சிறப்பு.

நடைமுறையில் இயங்குவினை வேறு வழியில் திரும்பி வந்தது. இல்லினாய் மாநிலத்தில் சிகாகோவை அடுத்த கட்டணச் சாலை நீட்டிப்பு ஒன்றின் அறிக்கை, சாலை அமைந்தால் எவ்வளவு மக்கள்தொகை பெருகுமோ, அமையாவிடினும் அவ்வளவே பெருகும் எனக் கொண்டு இரண்டையும் ஒப்பிட்டது. அம்மக்கள்தொகைக் கணிப்போ சாலை அமையும் என்ற எடுகோளின்மேல் எழுந்தது. அவ்வொப்பீட்டில் சாலையால் எவ்வித வேறுபாடும் தோன்றாது. வளர்ச்சி தானே வருகிறது, சாலை அதற்குப் பணிசெய்கிறது என்றாகும். 1997இல் கூட்டாட்சி நீதிமன்றம் இக்குறையைச் சுட்டி அவ்வறிக்கையை ஏற்க மறுத்தது. மறுபடி ஆய்வு நிகழ்ந்தது. 2007இல் சாலை திறந்தது. ஓர் அட்டவணையின் எடுகோளும் ஒரு வினைவடிவம்போல் இயங்கவல்லது என்பதற்கு இது சான்று.

டெக்சாசு மாநிலத்தின் ஹூஸ்டன் நகர வரலாறு இதனினும் கூர்மையானது. 1929, 1935ஆம் ஆண்டுகளின் வெள்ளங்களுக்குப்பின், படைப் பொறியாளர் துறை நகரின் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்னும் இரு வெள்ளத்தடுப்பு நீர்த்தேக்கங்களை 1940களில் அமைத்தது. நீர் தேங்கக்கூடிய நிலம் முழுவதையும் அரசு வாங்கவில்லை. இரு தேக்கங்களுக்கும் இடையே சென்ற கூட்டாட்சி நெடுஞ்சாலை பிற்காலத்தில் மிக அகன்ற சாலையாக விரிந்தது. வாங்காது விட்ட நிலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. சில மனைப்பிரிவு வரைபடங்களில், இந்நிலம் பார்க்கர் தேக்கத்தை அடுத்தது, படைப் பொறியாளர் துறையின் ஆளுகையில் நெடுநாள் கட்டுப்படுத்தப்பட்ட நீர்மூழ்கலுக்கு உட்பட்டது என்னும் பொருள்பட ஒரு குறிப்பு இருந்தது. வீடு வாங்குவோர் வரைபடத்தைப் படிப்பது அரிது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது அவ்வீடுகளில் நீர் புகுந்தது. இது இயற்கைச் சீற்றம் என அரசுத் தரப்பு வாதிட்டது. 2019ஆம் ஆண்டு திசம்பரில் கூட்டாட்சிக் கோரிக்கை நீதிமன்றம், தேக்கத்தின் மேற்புறத்து வீடுகளில் நீரைத் தேக்கியது அரசின் செயலே என்றும் அதற்கு அரசு பொறுப்பு என்றும் தீர்ப்பளித்தது. 'நீர் தேங்கியது' என்ற தொடரை 'நீரைத் தேக்கினர்' என நீதிமன்றம் திருத்தியது எனலாம்.

6. இரு சட்டங்களின் ஒரே விதி

1970ஆம் ஆண்டின் சட்டமும் 1973ஆம் ஆண்டின் சட்டமும் ஒரே நம்பிக்கையில் எழுந்தவை: செய்வதை எழுதிக் காட்ட வேண்டும் என்றால், செய்பவர் எண்ணிச் செய்வார். இரண்டின் வலுவும் ஏறத்தாழ ஒரே வகையில் குன்றியது. 1983இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அளித்த தீர்ப்பு, குடியரசுத் தலைவரின் கையொப்பமின்றி இரு அவைகளின் தீர்மானத்தால் மட்டுமே படைகளை விலக்கச் செய்யும் உறுப்பின் அடிப்படையைத் தகர்த்தது. 1989இல் அதே நீதிமன்றம், சூழல் சட்டம் அறியாமல் செய்வதைத்தான் தடுக்கிறது, அறிந்தே தவறான முடிவெடுப்பதைத் தடுப்பதில்லை என விளக்கியது. 2025ஆம் ஆண்டு மே மாதம் யூட்டா மாநில இருப்புப்பாதை வழக்கில், ஒரு திட்டத்தைத் தொடர்ந்து வேறிடத்தில் எழும் தனித் திட்டங்களின் விளைவுகளை அறிக்கையில் ஆராய வேண்டியதில்லை எனத் தீர்ப்பளித்தது. 'தூண்டும் வளர்ச்சி'யை வரையறுத்த 1978ஆம் ஆண்டு மரபின் விதிமுறைகளை அந்நாட்டு அரசு அதே ஆண்டில் விலக்கிக்கொண்டது.

ஒரு மறுப்பை இவ்விடத்தில் எதிர்கொள்ள வேண்டும். நகர்ப்பரவல் என்பது கோடிக்கணக்கான மக்கள் தத்தம் விருப்பால் வீடு வாங்கியதன் கூட்டு விளைவு. அதற்குத் தனியொரு வினைமுதலைத் தேடுவது பொருந்துமா? இம்மறுப்பில் உண்மை உண்டு. பலர் செயலால் ஒருவரும் எண்ணாத விளைவு தோன்றுமிடத்தில் இயங்குவினையே நேர்மையான வடிவம். ஆனால் வாங்குவோரின் விருப்பம் எல்லையில்லாத வெளியில் எழவில்லை. எது எளிது, எது அரிது என்பதைக் கடன்விதியும் சாலைச் சட்டமும் முன்கூட்டியே வகுத்திருந்தன. விளைவு பலருடையது, அவ்விளைவுக்கு வழிவகுத்த முடிவு நாளும் பெயரும் உடையது. வரலாற்றாசிரியர் இரண்டையும் வேறு பிரித்து எழுதுதல் வேண்டும்.

7. இந்தியச் சூழல்

இந்திய வரலாற்றில் பொறுப்பேற்றலும் கணக்குக் காட்டலும் வெவ்வேறாகப் பிரிந்து நின்ற நிகழ்வு 1962ஆம் ஆண்டின் சீனப் போர். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி விலகினார். ஹெண்டர்சன் புரூக்ஸ், பகத் ஆகிய இரு படையதிகாரிகள் 1963இல் அளித்த ஆய்வறிக்கையை அரசு அரை நூற்றாண்டு கடந்தும் வெளியிடவில்லை; 2014இல் அதன் ஒரு பகுதியை நெவில் மாக்ஸ்வெல் என்னும் எழுத்தாளரே வெளியிட்டார். பொறுப்பை ஒருவர் ஏற்றார். கணக்கு ஊர்முன் வரவில்லை. 1999ஆம் ஆண்டின் கார்கில் போருக்குப்பின் கே. சுப்பிரமணியம் தலைமையிலான மறுஆய்வுக் குழுவின் அறிக்கையை, சில பகுதிகளை நீக்கி, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரசு நாடாளுமன்றத்தில் வைத்தது. நூலாக வெளிவந்தபோது அதன் தலைப்பில் 'கணக்கெடுத்தல்' என்னும் பொருளுடைய சொல்லே அமைந்தது.

சூழல் துறையில் 1994இல் இந்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, அமெரிக்க முன்மாதிரியைத் தழுவித் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதற்கு மாற்றாக 2006இல் வந்த அறிவிக்கை, பொதுமக்கள் கருத்துக் கேட்பிற்காக மதிப்பீட்டின் சுருக்கத்தை மாநில ஆட்சிமொழியிலும் அளிக்க வேண்டும் என்றது. அதே அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்கும் நகரியத் திட்டங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்களித்தது. நகர்ப்பரவலுக்கு நேர்க்காரணமாகும் திட்டங்களில்தான் கேட்போர் இல்லாமற்போயினர். 2020இல் புதிய வரைவு அறிவிக்கை முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளிவந்தது. அதனை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுமாறு 2020ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கணக்குக் கேட்கும் உரிமையுடையோர்க்கு அக்கணக்கு அவர்தம் மொழியில் எட்ட வேண்டும் என்னும் கொள்கையை நீதிமன்றம் அதன்வழி உணர்த்தியது. பொறுப்புக்கூறலில் மொழிபெயர்ப்பாளருக்கு உள்ள இடம் இவ்வாணையால் வெளிப்படை.

8. மொழிபெயர்ப்பாளர் நோக்கு

மேற்கண்டவற்றிலிருந்து மொழிபெயர்ப்பிற்குப் பயன்படும் சில கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, செயப்பாட்டை இயங்குவினையாக இறக்கிவிடலாகாது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி 1987ஆம் ஆண்டு சனவரி உரையில் குடியரசுத் தலைவர் ரீகன், கடுந்தவறுகள் செய்யப்பட்டன என்னும் பொருள்பட ஆங்கிலச் செயப்பாட்டில் பேசினார். தவறு செய்தவர் யார் என அவர் கூறவில்லை. இதனைத் தமிழில் 'தவறுகள் நேர்ந்துவிட்டன' என எழுதுதல் இயல்பாகவும் இனிமையாகவும் உள்ளது. ஆயினும் 'யாரால்?' என்னும் வினாவிற்கு ஆங்கிலம் விட்டுவைத்த இடத்தைக்கூட அத்தொடர் அடைத்துவிடுகிறது. பேசியவர் மறைத்ததைவிட மிகுதியாக மொழிபெயர்ப்பாளர் மறைத்துவிடுகிறார். 'படு' துணைவினையின் மிகை ஆட்சி தமிழ் நடைக்குப் பொருந்தாது என்பது நல்ல அறிவுரையே. ஆனால் அதனைத் தவிர்க்கும் வழி, மூலம் இடந்தருமாயின் வினைமுதலை வெளிக்கொணர்ந்து செய்வினையாக்குவது. வினைமுதலுக்குரிய இடத்தையே நீக்குவதன்று.

இரண்டாவது, மூலத்தில் இல்லாத வினைமுதலை மொழிபெயர்ப்பாளர் தாமே சேர்த்தலும் தவறு. மூலம் இயங்குவினையில் மறைக்குமாயின் பெயர்ப்பும் அவ்வாறே மறைத்தல் வேண்டும். மறைப்பும் ஒரு சான்று. அதனைப் படிப்போர் காண வேண்டும். 'கூட்டாளிப் படைகள்' என்னும் உரைச்சேர்க்கை மூலத்தை மீறி வளர்ந்ததுபோல, நன்னோக்கத்தோடு சேர்க்கும் சொல்லும் மூலத்தை மீறி வளரக்கூடும்.

மூன்றாவது, சட்ட ஆவணங்களில் 'இன்படி', 'இசைவாக', 'உட்பட்டு' போன்ற இணைப்புச் சொற்களுக்கு நிலையான ஈடுகளை வகுத்துக் கொள்ளுதல் வேண்டும். கலைச்சொல் அகராதிகள் பெயர்ச்சொற்களுக்கு அளிக்கும் கவனத்தை இவற்றிற்கு அளிப்பதில்லை. போரைத் தொடரலாமா கூடாதா என்பதையே இத்தகைய ஒரு சொல் முடிவுசெய்தது என்பதை மேலே கண்டோம்.

நான்காவது, சூழல் மதிப்பீட்டுச் சுருக்கங்களைப் பெயர்க்கும்போது 'பாதிப்பு ஏற்படும்', 'மாற்றம் நிகழும்' என்னும் வாய்பாடுகளை ஒருமுறைக்கு இருமுறை மூலத்தோடு ஒப்பிடுதல் நலம். 'திட்டத்தால் ஏரியின் வரத்துக்கால் அடைபடும்' என மூலம் கூறுமிடத்தில் 'வரத்துக்கால் அடைபடும்' என்று மட்டும் எழுதினால், ஊர்மக்கள் எழுப்ப வேண்டிய ஆட்சேபம் யாரை நோக்கியது என்பது தெரியாமற்போகும்.

9. முடிவுரை

போரும் நகர்ப்பரவலும் தம் விலையைப் பெரும்பாலும் முடிவெடுத்தோரிடம் வாங்குவதில்லை. தொலைவிலுள்ளோரிடமும் பின்வருவோரிடமும் வாங்குகின்றன. இடத்தாலும் காலத்தாலும் விளைவு விலகி நிற்பதால், 'மூண்டது', 'பரவியது', 'தேங்கியது' என்னும் வடிவங்கள் இயல்பாகவே நாவில் வருகின்றன. அவ்விலக்கத்தைக் கடந்து முடிவையும் விளைவையும் ஒரே தொடரில் இணைத்துக் காட்டவே 1970, 1973ஆம் ஆண்டுச் சட்டங்கள் முயன்றன. அவற்றின் விதிகள் தளர்ந்தபோதும் அவற்றால் உருவான அறிக்கைகள் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. பின்வருவோர் கணக்குக் கேட்பதற்கு அவையே ஆதாரம். அவ்வாவணங்களைத் தமிழில் தருவோர் இயக்குவினையை இயக்குவினையாகவும், செயப்பாட்டைச் செயப்பாட்டாகவும், இயங்குவினையை இயங்குவினையாகவும் தருதல் வேண்டும். அவ்வாறு தந்தால்தான் தமிழில் படிப்போரும் உரியவரை நோக்கிக் கணக்குக் கேட்க இயலும்.